ஒரு பெட்ஷீட் பாக்கி

பிப்ரவரி 4

ஒட்டடைக்குச்சி,

நலமா என்று எழுதக் கை வந்துவிட்டது. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நாலாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. செத்தவருக்கு எழுதினால் எப்படித் தொடங்குவது என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ.

நான் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. ஆள் இருந்தபோது வாய் நிறைய 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். ஒட்டடைக்குச்சி என்பதெல்லாம் கதவைச் சாத்திய பிறகு. தெருவிளக்கு மாட்டுகிற வேலைக்கு உனக்கு ஏணியே வேண்டாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்த உயரம். இப்போது நீ என்றே எழுதுகிறேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்.

நீ போன அன்று வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் சித்தப்பா மகன் மூக்கைச் சிந்தித் திரைச்சீலையில் துடைத்தான். துக்கத்தில் அழுதானா சளி பிடித்திருந்ததா தெரியவில்லை. ஒருத்தி காப்பி டம்ளரை உன் மருந்து பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, "பாவம், கடைசியில ரொம்ப நாத்தமா இருந்திருக்குமே" என்றாள். மெத்தையைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். நான் ஜன்னல் வழியே பார்க்கிறேன், ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது. எனக்கு மனுஷரையும் பிடிக்கவில்லை, நாயையும் பிடிக்கவில்லை.

என் தங்கை குருவி வந்து கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். போன வருஷம் அவள் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ந்தாள் அல்லவா, அங்கேதான். அவள் அறையில் இரண்டு கட்டில். ஒன்று காலி. என்னை வரச் சொல்கிறாள். நமக்குப் பிள்ளையும் இல்லை, இந்த வாடகை வீட்டில் தனியாக எதற்கு என்கிறாள். எனக்கு அந்த மாதிரி இடங்களை நினைத்தாலே குமட்டுகிறது.

வீட்டில் இருந்த துணி எல்லாம் துவைத்துவிட்டேன். உன் சட்டை, வேட்டி, துண்டு, தலையணை உறை. ஒன்றைத் தவிர. அன்று காலை உன் அடியில் இருந்த பெட்ஷீட்டை நான் துவைக்கவில்லை. அப்படியே சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இரண்டு முடிச்சுப் போட்டு, பீரோவில் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆயுசெல்லாம் ஊராருடைய பெட்ஷீட்டை வெளுத்தவள் இதைச் செய்தாள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. குருவிக்கும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்க வேண்டும். அந்த வரியும் உனக்கு உதவாது.

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

குருவி எழுதுவது. நான் சுகம், காது மட்டும் இன்னும் மோசம். போன வாரம் போனில் நீ கத்தினது உன் மாடிக்காரருக்கு நன்றாகக் கேட்டிருக்கும், எனக்குக் கேட்கவில்லை. நீ "சாப்பிட்டேன்" என்றாயா "செத்துட்டேன்" என்றாயா என்று புரியாமல் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி "சரி சரி, நல்லது" என்று சொல்லி வைத்தேன். இனிமேல் எழுது. உன் முழங்கால் எப்படி? தூங்குகிறாயா?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் குறையோடு சொல்கிறேன். சூப்பில் உப்பு இல்லை. மேலாளருக்கு நாங்கள் பல்லழகன் என்று பேர் வைத்திருக்கிறோம், ஆள் செத்தாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மற்றபடி வெளிச்சமான அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர், சுவருக்கு மேலே வானம். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தவள் என்று தெரிந்ததும் இங்கே இருக்கிற கிழவர்கள் எல்லாரும் பொத்தான் அறுந்த சட்டையோடு என் வாசலில் நிற்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே அறுத்துக்கொண்டு வருகிறார்களோ என்று சந்தேகம்.

கூடப் பிறந்தவள் வருவாள் என்று சொல்லி அந்தக் கட்டிலைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தருகிறேன் என்றார் பல்லழகன். அதற்கு மேல் கீழ்த்தளத்து ரயில் அம்மாவை என் அறைக்கு மாற்றிவிடுவார். அந்த அம்மா விடுகிற குறட்டையில் எனக்கே காது கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

ஒரு தடவை வந்து பார். வருவாயா என்று கேட்கவில்லை அக்கா. எப்போ என்றுதான் கேட்கிறேன்.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
குருவி

---

மார்ச் 18

அடி குருவி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கி வழிந்ததைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. நீ இளைத்திருக்கிறாய். முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிடு.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன், கோபிக்காதே.

உங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பல்செட்டைக் கழற்றி, குடிக்கிற தண்ணீர் டம்ளரில் ஒரு அலசு அலசி, திரும்ப வாயில் மாட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா. அந்தத் தண்ணீரையும் குடித்தார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். எனக்குக் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றுவிட்டது.

குளியலறை சோப்பில் நரைமுடி ஒட்டியிருந்தது, ஒன்றல்ல, ஒரு குஞ்சம். சுவர்க் கைப்பிடி எல்லாம் பிசுபிசு. பல்லழகன் என் கன்னத்தைத் தட்டி, "எங்க கண்ணு சாப்ட்டாச்சா? சமத்து" என்கிறார். அறுபத்தெட்டு வயதுக்காரியைப் பார்த்துச் சமத்தாம். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், முடி இல்லாத பக்கமாகப் பார்த்து. வாசலில் வைத்திருக்கிற விளம்பரத் தாளில் ஒரு கிழவனும் கிழவியும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஆப்பிளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆப்பிளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை ஆஸ்பத்திரியில் தனி வார்டில் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நாற்றம். படியேறும்போதே மூக்கில் ஏறியது. உன் அறையில் இன்னும் அதிகம். ஈரத்துணியைக் காயவைக்காமல் கட்டி வைத்தால் வருமே, அதோடு இன்னும் ஏதோ. காலி கட்டிலில் உட்கார்ந்தேன், அங்கேயும் அதே நாற்றம். நீ எப்படி இருக்கிறாய் அதில்? என் வீட்டுச் சாக்கடைதான் நாறுகிறது என்று நினைத்தேன், உங்கள் இடம் அதைத் தாண்டிவிட்டது.

வருவேன். இப்போதில்லை. வெயில் தணியட்டும்.

உன் நலம் நாடும்,
அக்கா

---

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சேர்ந்ததில் நிம்மதி. முட்டை கேட்டேன், தந்தார்கள். நான் சுகம்.

பல்செட்டுப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். "உங்க அக்கா அழகா இருந்தாங்க, அவங்க முன்னாடி பளிச்சுன்னு இருக்கணும்னுதான் அலசினேன்" என்கிறார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை.

நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பார்த்துக்கொள்கிறேன். அதை விடு.

நீ வந்தபோது சொல்ல மறந்த ஒன்று. இங்கே புதிதாகச் சேர்கிறவர்கள் கொண்டுவருகிற துணி எல்லாம் முதலில் சலவை அறைக்குப் போக வேண்டும். மூட்டைப்பூச்சி வந்துவிடும் என்று பயம். உடுத்தின துணி, போர்வை, பெட்ஷீட், கைக்குட்டை, எதையும் விடுவதில்லை. வெந்நீரில் கொதிக்க வைத்து, காயவைத்து, அப்புறம்தான் அறைக்கு வரும். பெட்டி வாசலிலேயே திறக்கப்படும். என் பழைய கம்பளிச் சட்டை சுருங்கிப் பொம்மைக்குப் போடுகிற அளவில் திரும்பி வந்தது. உனக்கு நல்லது எது இருந்தாலும் அங்கே யாருக்காவது கொடுத்துவிட்டு வா.

உன் வீட்டுச் சாக்கடைக்குக் குழாய்க்காரரைக் கூப்பிட்டாயா?

பதில் போடு. ரயில் அம்மா தினம் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன்,
குருவி

---

மே 9

குருவி,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கை வலி.

உங்கள் சலவை அறையைப் பற்றி எழுதியிருந்தாய். எந்த முட்டாள் இந்தச் சட்டத்தைப் போட்டான்? எல்லாத் துணியையும் எடுத்த எடுப்பில் வெந்நீரில் போடுவார்களா? சீழ், ரத்தம், மலம், எது பட்ட துணியாக இருந்தாலும் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். நேராக வெந்நீரில் போட்டால் கறை நூலுக்குள்ளே உறைந்துபோகும். அப்புறம் எந்த மருந்து போட்டாலும் போகாது. எங்கள் சலவைக்கூடத்தில் புதிதாக வந்தவள் முதல் நாள் செய்கிற தப்பு இதுதான், மேஸ்திரியிடம் திட்டு வாங்குவாள். உங்கள் ஆட்கள் அதையே சட்டமாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தரை துடைக்கிற துணியையும் தலையணை உறையையும் ஒன்றாகத்தான் போடுவார்கள், எனக்குத் தெரியும். அந்த உறையில் முகத்தை வைத்துத் தூங்க நான் வர மாட்டேன்.

என் பெட்டியை வாசலில் வைத்துத் திறக்க அவர்கள் யார்?

குழாய்க்காரர் வந்தார். சமையலறைச் சாக்கடை, குளியலறைச் சாக்கடை எல்லாம் திறந்து பார்த்தார். கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கொழகொழவென்று எதையோ உருவி வெளியே போட்டார். நாற்றம் போகவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டைச் சுற்றினார்.

"இது குழாய் நாத்தம் இல்லம்மா. எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க. அந்தப் பீரோவை நகர்த்திப் பாக்கட்டுமா?"

"பீரோவைத் தொடாதீங்க. அங்க எலி வராது."

"எலி உங்ககிட்ட சொல்லிட்டா வரும்?"

நான் அவரை அனுப்பிவிட்டேன். மாடிக்காரர் வளர்க்கிற மீன்தொட்டியில்தான் சந்தேகம். ஆபீஸில் கணக்கு எழுதினவர், மீனுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுகிறார், தண்ணீரை மட்டும் மாற்றுவதில்லை. பச்சைப் பாசி. எதிரே நின்றால் வாந்தி வரும்.

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

அக்கா

---

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கைவலிக்குச் சூடான ஒத்தடம் கொடு. "உன் நலம் நாடும்" என்று எப்போதும் முடிப்பாய், இந்தத் தடவை வெறும் அக்கா என்று இருக்கிறது. கோபமா?

சலவை அறையைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. நீ தொழில் தெரிந்தவள். இங்கே வந்து அவர்களைத் திருத்தலாமே.

ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு நீ வந்துவிட்டுப் போன பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் அறை நன்றாக இருந்தது. அதற்கு அப்புறம் அந்த வாசம் வரவில்லை.

சரி, அதை விடு. உன் துணிமணி எல்லாம் அந்தப் பீரோவில்தானே வைக்கிறாய்? ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடேன். எல்லாவற்றையும்.

பல்செட்டுப் பெரியவர் உன்னை விசாரித்தார். அவருக்குச் சட்டையில் பொத்தானே இல்லை இப்போது, எல்லாம் அறுந்துவிட்டதாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
குருவி

---

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டுமாவது ஒரு வரி போடு. இங்கே நர்ஸ் மூலமாக உனக்குப் போன் போட்டுப் பார்த்தேன். நீ எடுத்து, "சாகல, வை" என்றாயாம். அதுவரைக்கும் சந்தோஷம்.

அக்கா, அத்தான் போனபோது நான் அங்கே இருந்தேன். மறுநாள் அவருடைய துணியை எல்லாம் நீ துவைத்துப் போட்டாய். வெளியே கொடியில் காய்ந்ததை எல்லாம் எடுத்து மடித்தது நான்தான். தலையணை உறை இரண்டு. துண்டு. போர்வை. மடித்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எனக்குக் காதுதான் போய்விட்டது.

ரயில் அம்மாவின் பெண் வந்து என் அறை ஜன்னலுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டு போனாள். ஆகஸ்ட் கடைசி என்றால் ஆகஸ்ட் கடைசிதான் என்று பல்லழகன் சிரித்தார்.

தனியாகப் படுத்தால் எனக்கும் பயம்தான். சொன்னதில்லை. சாப்பிடு, தூங்கு.

குருவி

---

ஜூலை 15

குருவி,

உயிரோடு இருக்கிறேன். நீ மருந்தைச் சரியாகப் போட்டுக்கொள்.

நடந்ததைக் கேள். நேற்று மாடிக்காரர் வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். வாடகை வாங்க வரும்போது இல்லாத மூக்கு.

"என்னம்மா இது, உள்ள நிக்க முடியல."

"மேல போய்ப் பாருங்க. மீன்தொட்டி."

மாடிக்காரர் சொல்கிறார், "என் மீனுக்கே உங்க வீட்டு நாத்தத்துல சீக்கு வந்துடும் போலிருக்கு. நேத்து ஒண்ணு மல்லாந்துடுச்சு."

"அது உங்க மூஞ்சியப் பாத்து மல்லாந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவும் சிரிக்கவில்லை. அவள் என் கிட்டே வந்தாள். தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், அந்த மெதுவான குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, கோச்சுக்காதீங்க. உங்க மேலயே அடிக்குது. சேலைல, தலைமுடில, எல்லாத்துலயும். நீங்க குளிக்கிறீங்களா?"

குளிக்கிறீங்களா. என்னைப் பார்த்து. காலையிலும் சாயங்காலமும் தேய்த்துக் குளிக்கிறவளைப் பார்த்து. நான் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்கு வெளியே அந்த அம்மா சொல்வது கேட்டது, "பாவம், வயசாயிடுச்சு. இனி தனியா விடக் கூடாது." அந்தப் பாவத்தை வாயில் போட்டு மென்று என் வாசலில் துப்பிவிட்டுப் போகிறாள்.

எல்லாரும் அருவருப்பானவர்கள், குருவி. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ போன கடிதத்தில் எழுதினதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

அந்தக் கட்டிலை ரயில் அம்மாவுக்கே கொடுத்துவிடு.

அக்கா

---

ஆகஸ்ட் 3

ஒட்டடைக்குச்சி,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்னிடம் விசாரிக்க ஒன்றும் இல்லை.

இன்று காலை என் சேலை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துவைத்து மடித்த சேலை வாசம்கூடத் தெரியவில்லை. ஈரமா, சோப்பா, பீரோ மரமா, ஒன்றும் இல்லை. துணியை மூக்கில் வைத்தே எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொல்கிறவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாக்கடை என்றேன், மீன் என்றேன், குருவி இருக்கிற இடம் என்றேன். அவள் அறைக்கு நான்தான் கொண்டுபோயிருக்கிறேன், என் சேலையில்.

ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மதியம் வரைக்கும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். புகையும் தூசியும் நன்றாகத்தான் தெரிந்தது. திரும்பி வந்து வாசல்படியில் கால் வைத்தேன். அப்போது தெரிந்தது, ஒட்டடைக்குச்சி. முகத்தில் அறைந்த மாதிரி.

நேராகப் போய்ப் பையை எடுத்தேன். இரண்டு முடிச்சு, அவிழவில்லை, பல்லால் கடித்தேன். திறந்ததும் ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

உன் முதுகுப் புண்ணுக்குத் தினம் மருந்து வைத்தேன். சீழைத் துடைத்தேன். அந்தக் கையால்தான் பிறகு சாப்பிட்டேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உனக்கே என் முகம் தெரியும். சலவைக்கூடத்தில் புழு நெளிகிற துணி வந்திருக்கிறது, அதற்கும் சுளித்ததில்லை. இதற்கு ஓங்கரித்தேன். திரும்ப வந்து பார்த்து, திரும்ப ஓங்கரித்தேன்.

பெட்ஷீட் ஒரு பக்கம் கறுத்து, மேலே பச்சைப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. நடுவில் இன்னும் ஈரம். அதற்குள் உன் தலை எண்ணெய் வாசம் இருக்கும், நீ வேலைக்குப் போய் வந்தால் சட்டையில் வருமே அந்தக் கம்பி வாசம் இருக்கும் என்று வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. பூஞ்சைக்காளான் நாற்றம். யாருடைய துணி என்று கேட்டால் தெரியாத துணி. இதையா வீட்டில் வைத்துக்கொண்டு உன்னோடு இருக்கிறேன் என்று இருந்தேன்?

உன்னைப் பார்த்து ஓங்கரித்தேனா, பூஞ்சையைப் பார்த்தா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

தூக்கிக் குப்பையில் போடலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். நாய் நின்றுகொண்டிருந்தது. அதே நாய். திரும்பி வந்துவிட்டேன்.

உன்னிடம் விடைபெறுகிறேன் என்று எழுதினால் எங்கே போகிறாய் என்று கேட்பாய். சமையலறைக்கு. தொட்டியைக் கழுவ வேண்டும்.

---

ஆகஸ்ட் 6

என் குருவிக்கு,

நீ சுகம்தானே. நான் பரவாயில்லை.

போன கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதக் கூடாததை எழுதிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடு. நீ கேட்காததற்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன், ஆமாம். பீரோவில் இருந்தது. நீ முதலிலிருந்தே தெரிந்துதான் கேட்காமல் இருந்தாய்.

எப்போ என்று கேட்டாயே. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் வீட்டு நாற்றம் தனக்குத் தெரியாமல் போகும்போது கிளம்பிவிட வேண்டும் போலிருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் மாடிக்காரர்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆள் வாயால் அதைத் திரும்பக் கேட்க என்னால் முடியாது.

கட்டில் இன்னும் இருக்கிறதா? ரயில் அம்மா திரை மாட்டிவிட்டாளா?

ஒரு பெட்ஷீட் கொண்டுவருவேன். அதை உங்கள் சலவை ஆட்கள் என் கண் முன்னால்தான் போட வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன்.

உன் நலம் நாடும்,
அக்கா

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம்.

திரைதான் மாட்டியிருக்கிறது, ஆள் வரவில்லை. ரோஜாப்பூ போட்ட திரை, கண்றாவி. கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சலவைக்காரரிடம் பேசினேன். "ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆளா? வரட்டும், எனக்கு ஒரு கை கொறையுது" என்றார். பல்லழகனிடம் கேட்கவில்லை, அவர் எதற்கும் சிரிப்பார்.

நீ எழுதியிருந்த அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மீன் மல்லாந்ததைப் பக்கத்து அறைக்குப் படித்துக் காட்டினேன்.

வா அக்கா.

குருவி

---

ஆகஸ்ட் 29

ஒட்டடைக்குச்சி,

வந்துவிட்டேன். காலில் வீக்கம், மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

இங்கே எதுவும் மாறவில்லை. பல்செட்டு ஆள் என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாக டம்ளரைத் தேடினார். பல்லழகன் கையை என் கன்னத்துக்குக் கொண்டுவந்தார், நான் பார்த்த பார்வையில் அந்தக் கை அவர் காதைச் சொறிந்துவிட்டுப் போனது. சோப்பில் முடி. சூப்பில் உப்பு இல்லை. எனக்கு எதிலும் அருவருப்புக் குறையவில்லை, அதற்காக நான் வரவும் இல்லை.

பெட்டியை வாசலிலேயே திறந்தார்கள். நான் பையைக் கையிலேயே வைத்திருந்தேன். சலவை அறைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன், குருவி கூட வந்தாள். சலவைக்காரர் என் வயதுக்காரர், கையெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உரிந்திருந்தது, என் கை மாதிரியே. பையைத் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. கறையை மட்டும் பார்த்தார்.

"புண்ணா?"

"ஆமா. முதுகுல."

"வீட்டுக்காரரா?"

"ஆமா."

"பச்சத் தண்ணில ஊறப் போடறேன். ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல, எடுத்துடலாம். சட்டத்தை விடுங்க, அது பூச்சிக்கு."

நான் எழுதி எழுதித் திட்டினேனே, அந்த ஆள் சரியாகத்தான் சொன்னார். தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம். நேரா வெந்நீர்ல போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா? கறை உறைஞ்சிடும். அப்புறம் போவவே போவாது."

"நாத்தம் போயிடும்ல?"

"நாத்தம் போயிடும்."

"அது போனாப் போதும்."

குருவிக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சலவைக்காரர் வெந்நீர்க் குழாயைத் திறந்தார். கொதிக்கிற தண்ணீரில் நானே கோலால் அமுக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது, முதலில் அந்தப் பழைய நாற்றம், அப்புறம் சோப்பு, அப்புறம் வெறும் வெந்நீர். புதிதாக வந்தவள் முதல் நாள் செய்கிற தப்பை நான் கடைசியில் செய்தேன். எங்கள் மேஸ்திரி இருந்திருந்தால் வெளியே துரத்தியிருப்பார்.

காய்ந்து வந்தது. மோந்து பார்த்தேன், வெயில் வாசம். வேறு எதுவும் இல்லை, நீயும் இல்லை. கறை இருக்கிறது. தவிட்டு நிறத்தில், உன் முதுகு அகலத்துக்கு, தோள் பக்கம் பெரிதாக, கீழே வரவரச் சிறிதாக. கையால் தடவினால் மற்ற இடம் மாதிரியேதான் இருக்கிறது. பெட்ஷீட்டின் ஒரு பாதியில் மட்டும், நீ படுத்த சுவரோரத்துப் பாதியில். குருவி அதைப் பார்த்தாள். ஓரம் ஒரு இடத்தில் பிரிந்திருந்தது, ஊசி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தான் வேலைக்குப் போய்விட்டாள். பல்செட்டு ஆள் வாசலில் சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கிறார்.

இப்போது அறையில் நான் மட்டும்தான். இது நம் இரட்டைக் கட்டிலுக்கு வாங்கினது. இங்கே கட்டில் ஒற்றை. இரண்டாக மடித்தால்தான் பொருந்துகிறது. மடித்தால் ஒரு பாதி மேலே வரும், ஒரு பாதி அடியில் போகும். விரித்தேன், எடுத்தேன், திருப்பி விரித்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏதாவது ஒன்றை நீதான் சொல்ல வேண்டும்.

உன் பாதியை மேலே போடட்டுமா, என் பாதியையா?